தெரியாதுன்னு சொல்லாதீங்க, அண்ணாச்சி!

"எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் விவகாரமெல்லாம் தெரியாது தம்பி. எது நல்லதோ நீயே பாத்துப் பண்ணிரு."

கடைக்கு வெப்சைட் வேண்டும் என்று முடிவெடுத்த அன்றைக்கே பலர் வாயிலிருந்து வந்துவிடும் பேச்சு இது. பேசுகிறவர் யார்? கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிறவர். வெல்லப்பாகு கொதிக்கும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டித் தட்டில் போட்டு, 'டங்' என்று கேட்கிற சத்தத்தை வைத்தே பதம் சொல்கிறவர். கொஞ்சம் முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், கொஞ்சம் பிந்தினால் பாகு முறுகிக் கசக்கும். அந்த இடைவெளியை எந்த மீட்டரும் இல்லாமல் பிடிக்கிற கை அது. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாலே கடலை காய்ந்ததா, ஈரமா என்று தெரிந்துவிடும். வெல்லம் பளபளவென்று மஞ்சளாக இருந்தால் "இதுல என்னத்தய்யா போட்டிருக்கீங்க?" என்று வியாபாரியின் முகத்துக்கு நேரே கேட்பார். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து ஊரே அலறியபோது கடையைச் சாத்தவில்லை. உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பிறகு கல்லாவில் கியூ.ஆர். அட்டையும் ஏறியது, பணம் விழுந்ததும் சத்தம் போடும் பெட்டியும் ஏறியது.

இவருக்கா ஒரு வெப்சைட் கட்டும் தளத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது?

தெரியும், ஐயா! தெரியாது என்று உங்களை யாரோ நம்ப வைத்திருக்கிறார்கள். ரெஸ்பான்சிவ், பேக்-எண்ட், எஸ்.இ.ஓ. என்று நாலு வார்த்தை காதில் விழுந்ததும் நாற்பது வருடத் தொழில் அனுபவத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். நிற்காதீர்கள். உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி தொழில்நுட்பக் கேள்வியே அல்ல. யார் பேரில் பதிவு? வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு? நாளைக்கு விலகினால் என் சரக்கை நான் எடுத்துக்கொண்டு போகலாமா? கடைக்கு இடம் பிடிக்கும்போது இந்த மூன்றையும் கேட்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? அதே வாயால் இங்கேயும் கேளுங்கள். பதில் சொல்லத் திணற வேண்டியவர் நீங்கள் அல்ல, எதிரே லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவர்.

முதலில் பெயர். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயரை வேறு யாரும் ஒட்டிக்கொண்டு விற்கக்கூடாது என்று சட்டமே காவல் நிற்கிறது. ஆனால் உங்கள் கடைப்பெயருக்கு இணையத்தில் யார் காவல்? நீங்கள்தான். டாட் காமோ டாட் இன்னோ, ஒரு பெயரைப் பதிவு செய்து வைத்திருக்க ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் ஆகும். இந்த ஆயிரத்தில்தான் பெரும்பாலான கடைக்காரர்கள் கோட்டை விடுகிறார்கள்.

வழக்கமாக எப்படி நடக்கிறது தெரியுமா? கொட்டேஷன் தாளில் "டொமைன், ஹோஸ்டிங் ஒரு வருடம் இலவசம்" என்று ஒரு வரி இருக்கும். டொமைன் என்றால் அந்தப் பெயர், ஹோஸ்டிங் என்றால் தளம் குடியிருக்கும் வாடகை இடம். மனசு குளிர்ந்துவிடும். அந்தத் தம்பி தன் மெயில் முகவரியில், தன் போன் நம்பரில், தன் கணக்கில் உங்கள் பெயரைப் பதிவு செய்வார். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு அது சுளுவு, அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து அவர் பெங்களூருவில் வேலைக்குப் போய்விடுவார். புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் அவர் திறந்தே பார்க்காத பெட்டியில் போய் விழும். ஒரு காலையில் வாடிக்கையாளர் போன் செய்து "அண்ணாச்சி, உங்க சைட்டு திறக்கல" என்பார். காலாவதியான பெயரை மீட்கச் சில வாரங்கள் அவகாசம் உண்டு, அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. அதையும் தவறவிட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளலாம். அப்பா காலத்திலிருந்து போர்டில் இருக்கிற பெயரில் எவனோ ஒருவன் சூதாட்டத் தளம் நடத்துவான். நீங்கள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே, எந்தத் தளம் என்று யோசிப்பதற்கு முன்னால் பெயரை உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில், உங்கள் கார்டில் நீங்களே பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா? அந்தப் பதிவுக் கணக்கில் உங்களால் நுழைய முடிகிறதா, ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வருகிறதா என்று பாருங்கள். பொதுத் தேடலில் உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்திருக்கும் என்பதால் இதுதான் உருப்படியான சோதனை. வரவில்லையென்றால் இன்றைக்கே அந்தத் தம்பிக்குப் போன் போடுங்கள். "எதுக்கு அண்ணாச்சி, நான்தான் பாத்துக்கிறேனே" என்பார். "கடை என்னுது தம்பி, கணக்கை மாத்திக் குடு" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். குரல் உயர வேண்டாம், இறங்கவும் வேண்டாம்.

ஏற்கெனவே தளம் இருக்கிறதா? இதே பரிசோதனை அதற்குள்ளேயும் இருக்கிறது. வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டியது என்றால் 'யூசர்ஸ்' என்ற பக்கத்தைத் திறந்து உங்கள் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இருக்க வேண்டும். அந்தப் பக்கமே கண்ணில் படவில்லையென்றால் உங்களை 'எடிட்டர்' மாதிரி ஏதோ ஒன்றாக வைத்திருக்கிறார்கள், உங்கள் சொந்தக் கடையில் நீங்கள் சம்பளமில்லாத வேலையாள். ஷாப்பிஃபையில் 'ஸ்டோர் ஓனர்' யார்? கூகுள் மேப்பில் உங்கள் கடைக்குப் 'பிரைமரி ஓனர்' யார்? பத்து நிமிட வேலை. செய்து பார்த்துவிட்டு முகம் வெளுத்தவர்கள் நிறையப் பேர்.

"எதுக்குத் தனியா சைட்டு? இன்ஸ்டாவும் வாட்ஸ்அப்பும் போதாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அவற்றை விடச் சொல்லவில்லை. ஆனால் 2020 ஜூன் 29-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு இந்திய அரசு தடை போட்டது. டிக்டாக்கில் பின்தொடர்வோரைச் சேர்த்துச் சேலையும் ஊறுகாயும் விற்றவர்களுக்கு, அத்தனை பேரும் ஒரே உத்தரவில் காணாமல் போனார்கள். ஒருவருடைய போன் நம்பர்கூடக் கையில் இல்லை. 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாகப் படுத்தன, ஏறத்தாழ ஆறு மணி நேரம். கூகுள் தன் பிசினஸ் ப்ரொஃபைலோடு இலவசமாகக் கட்டிக்கொடுத்த எளிய வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அடித்து வைத்திருந்த சின்னக் கடைக்காரர்கள் என்ன செய்வார்கள்? புது கார்டுதான் அடிக்க வேண்டும். கூகுளே மூடும். யார் வேண்டுமானாலும் மூடுவார்கள். அவர்கள் கணக்கு அவர்களுக்கு. மூடினாலும் மறுநாள் காலை வேறு இடத்தில் அதே பெயரில் கடை திறக்க உங்களால் முடியுமா என்பதுதான் உங்கள் கணக்கு.

இப்போது தளங்களுக்கு வருவோம். இங்கேதான் மலைக்கிறீர்கள். மலைக்க ஒன்றுமில்லை. இவற்றைச் செய்தவர்களும் உங்களைப் போல ஒரு தேவைக்காக இறங்கியவர்கள்தான். ஷாப்பிஃபை எப்படிப் பிறந்தது தெரியுமா? ஜெர்மனியிலிருந்து கனடாவுக்குப் போன டோபியாஸ் லூட்கே, 2004-இல் நண்பரோடு சேர்ந்து பனிச்சறுக்குப் பலகை விற்க இணையக்கடை போட நினைத்தார். அன்றைக்குக் கிடைத்த மென்பொருள் ஒன்றும் பிடிக்கவில்லை. தானே எழுதினார். பலகையை விட அந்த மென்பொருளுக்குத்தான் கிராக்கி என்று புரிந்து 2006-இல் அதையே கடை விரித்தார். அவர் புரோகிராமர், நீங்கள் இல்லை. சரி. ஆனால் "இருக்கிறது எதுவும் என் கடைக்குச் சரிப்படல" என்று சொன்னாரே, அந்த வாக்கியத்துக்குப் புரோகிராமிங் தேவையில்லை. தன் வியாபாரம் தெரிந்த யாரும் சொல்லலாம்.

வேர்ட்பிரஸ் கதை எனக்கு இன்னும் பிடித்தது. பி2 என்று ஒரு மென்பொருள் இருந்தது. எழுதியவர் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். அமெரிக்காவில் 19 வயதுக் கல்லூரிப் பையன் மேட் மல்லன்வெக், இங்கிலாந்தில் இருந்த மைக் லிட்டில், இருவரும் அதை எடுத்து வளர்த்து 2003 மே 27-இல் வேர்ட்பிரஸ் என்று வெளியிட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பி2-இன் உரிமமே யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்திருந்தது. இன்றைக்கு உலக வெப்சைட்டுகளில் பத்தில் நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. உங்களுக்கு இதில் என்ன? அந்த உரிமம் வேர்ட்பிரஸுக்கும் உண்டு. செய்தவர்கள் கைவிட்டாலும், சண்டை போட்டுப் பிரிந்தாலும், உங்கள் தளத்தின் கோப்புகளையும் டேட்டாபேஸையும் அப்படியே நகலெடுத்து வேறு ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோகலாம். மென்பொருள் ஓசி. ஹோஸ்டிங்குக்குக் காசு.

ஆனால் ஓசி என்றதும் தாவாதீர்கள். வேர்ட்பிரஸில் பிளகின் என்று துண்டு துண்டாக ஒட்டவைத்துத்தான் கடை ஆகும். ஒவ்வொன்றையும் அப்டேட் செய்ய வேண்டும். செய்யாத பிளகின் வழியாகத்தான் திருட்டுப்பயல்கள் நுழைகிறார்கள். பேக்கப் எடுக்க ஆள் வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்க்க உங்களுக்கோ வீட்டில் கல்லூரி முடித்த பிள்ளைக்கோ பொறுமை இருந்தால், வேர்ட்பிரஸ்தான் என் ஓட்டு. பொறுமை இல்லையென்றால் வேண்டாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று: அதே பெயரில் டாட் காம் என்று ஒரு கட்டணச் சேவை தனியாக இருக்கிறது. நான் சொல்வது டாட் ஆர்க் பக்கம் இறக்கிக்கொள்ளும் மென்பொருள். இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் கட்டியவர்கள் பலர்.

விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் வகை இழுத்துப்போட்டுக் கட்டும் தளங்கள். ஒரு சாயங்காலத்தில் பார்க்க லட்சணமாக ஒரு பக்கம் எழும்பிவிடும். பேக்கப், பாதுகாப்பு எல்லாம் அவர்கள் பாடு. ஆனால் விக்ஸில் கட்டிய தளத்தை வேறு இடத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. இதை அவர்களே உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பொருள் பட்டியல், வாடிக்கையாளர் பட்டியல் இவற்றை சி.எஸ்.வி. கோப்பாக எடுக்கலாம். கட்டிய கட்டடம் அங்கேயே நிற்கும். தெரிந்து போனால் தப்பில்லை, தெரியாமல் போகாதீர்கள்.

ஷாப்பிஃபை விற்பனைக்கென்றே பிறந்தது. சரக்கு இருப்பு, எடைக்கு ஏற்ற கூரியர் கட்டணம், தள்ளுபடிக் கூப்பன், பில் எல்லாம் கச்சிதம். ஆனால் கணக்குப் போடுங்கள். இந்தியாவில் ஷாப்பிஃபையின் சொந்தப் பேமென்ட் வசதி கிடையாது. வேறு கேட்வே, அதாவது ஆன்லைனில் பணம் வாங்கிக்கொடுக்கும் வேறு கம்பெனிதான். கேட்வே 2 சதவீதத்தை ஒட்டி எடுக்கும், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வெளி கேட்வே வைத்ததற்காக ஷாப்பிஃபையும் தன் அடிப்படைத் திட்டத்தில் இன்னொரு 2 சதவீதம் எடுக்கும். 500 ரூபாய் ஆர்டருக்கு 10 ரூபாய், 1 ரூபாய் 80 காசு, இன்னொரு 10. ஆக 21 ரூபாய் 80 காசு. மாதம் 300 ஆர்டர் என்றால் 6,540 ரூபாய். சந்தா தனி. சேலை விற்கிறவருக்கு இது தாங்கும். கடலைமிட்டாய் விற்கிறவருக்கு? உங்கள் லாபம் எவ்வளவு என்று எனக்குச் சொல்ல வேண்டாம், நீங்களே கழித்துப் பாருங்கள். இந்தக் கழித்தலை உங்களை விட வேகமாகச் செய்ய எந்த டெக் கம்பெனிக்காரனாலும் முடியாது!

ஒரு நாளைக்கு ஐந்து ஆர்டர்கூட வராத கடைக்கு கார்ட், கேட்வே எதுவும் முதல் வருடத்தில் தேவையில்லை என்பது என் கட்சி. பொருளின் படம், விலை, எடை, வாட்ஸ்அப் பொத்தான், பணம் கட்ட யு.பி.ஐ. இது போதும். பெரிசாக விற்பவன் பந்தா காட்டட்டும், நீங்கள் காசைச் சேருங்கள்.

நம்ம தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கிற ஜோஹோவுக்கு ஜோஹோ சைட்ஸ், ஜோஹோ காமர்ஸ் என்று இருக்கின்றன. ரூபாயில் பில், ஜி.எஸ்.டி. புரிந்த கணக்கு மென்பொருளோடு இணைப்பு என்று நமக்கு வசதிகள் உண்டு. பாருங்கள். ஆனால் நம்ம ஊர் என்ற பாசத்தில் கண்ணை மூடிக்கொண்டு சேராதீர்கள். உறவுக்காரர் கொண்டுவந்த கடலை மூட்டையானாலும் கையை விட்டுப் பார்ப்பீர்களே, அதே கையை இங்கேயும் விடுங்கள்.

கையை விடுவது எப்படி? இந்தத் தளங்களில் பெரும்பாலானவற்றில் சில நாள் காசில்லாமல் ஓட்டிப் பார்க்க விடுகிறார்கள். இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது வேண்டாம், தலை சுற்றும். இரண்டிலும் ஒரே பொருளை ஏற்றுங்கள். அரைக் கிலோ கடலைமிட்டாய், கருப்பட்டி எள்ளுருண்டை, ஏதோ ஒன்று. பெயரைத் தமிழில் அடியுங்கள். எழுத்து சிதைகிறதா, கொம்பு ஓரிடம் கால் ஓரிடமாக நிற்கிறதா? விலையை மாற்றுங்கள். எத்தனை தட்டலில் மாறுகிறது? வெல்லம் விலை ஏறிய அன்றைக்கு இதை நீங்களே செய்ய வேண்டும், யாரையும் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது. சென்னைக்கு ஒரு கூரியர் கட்டணம், டெல்லிக்கு ஒரு கட்டணம் போட முடிகிறதா? மழைக்காலத்தில் நமுத்துப்போகும் சரக்கை மட்டும் 'இப்போது இல்லை' என்று மறைக்க வழி இருக்கிறதா? பிறகு வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டில் இருப்பதிலேயே பழைய ஆண்ட்ராய்டு போனில் பக்கத்தைத் திறங்கள். வாங்குகிறவர் பஸ்ஸில் நின்றுகொண்டு அப்படித்தான் திறப்பார். படம் வர நேரமானால் மூடிவிட்டுப் போய்விடுவார். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாமல் சுருக்கி ஏற்றினாலே பாதிக் கோளாறு தீரும்.

கடைசியாக வெளியேறும் வாசலைத் தேடுங்கள். 'எக்ஸ்போர்ட்' என்ற பொத்தான் எங்கே இருக்கிறது? அழுத்தினால் பொருள், வாடிக்கையாளர், ஆர்டர் மூன்றும் கோப்பாக இறங்குகிறதா? இறங்கிய கோப்பில் தமிழ் தமிழாக இருக்கிறதா, கேள்விக்குறியாக இருக்கிறதா? உள்ளே வரும்போதே போகும் வழியைப் பார்க்கிறவனைக் கண்டால் விற்பனைப் பிரதிநிதிக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். இருக்கட்டும்.

விலைப் பட்டியலில் ஒரு மாயம் உண்டு. பெரிய எழுத்தில் மாதம் இத்தனை ரூபாய் என்று சின்னத் தொகை. கீழே பொடி எழுத்தில், அது நாலு வருடம் மொத்தமாகக் கட்டினால். புதுப்பிக்கும்போது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. ஜி.எஸ்.டி. தனி. மூன்று வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். சந்தா, டொமைன், கேட்வே, பிளகின், பராமரிப்பு, எல்லாம் சேர்த்து. அந்தத் தாளில் எதிராளி கையெழுத்தும் போடட்டும்.

சட்டமும் இருக்கிறது, ஆனால் அதற்காகப் பயப்பட வேண்டாம். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி முகவரி, குறைதீர் அலுவலர் பெயர், தொடர்பு எண், திருப்பி எடுக்கும் நிபந்தனை இவை தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் 'பெற்றுக்கொண்டோம்' என்று பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. தின்பண்டம் என்றால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண். நேர்மையாகக் கடை நடத்துகிறவருக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? கல்லாவில் நின்று ஐந்து நிமிடத்தில் தீர்க்கிற புகாருக்குச் சட்டம் உங்களுக்கு ஒரு மாதம் தருகிறது.

ஆடியில் எப்படியும் வியாபாரம் மந்தம். அந்த மாதத்தில் பெயரைப் பதிவு செய்து, இரண்டு தளத்தையும் உரசிப் பார்த்துவிடுங்கள். ஆவணியில், அதிகம் ஓடும் பத்துப் பொருளை மட்டும் ஏற்றுங்கள், நூறையும் ஏற்றுகிறேன் என்று உட்காராதீர்கள். பகல் வெளிச்சத்தில், வாழையிலை மேல் வைத்து, உங்கள் போனிலேயே படம் எடுங்கள். பழைய வாடிக்கையாளர் நாலு பேருக்கு லிங்க் அனுப்பி ஆர்டர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கே திருத்துங்கள். தீபாவளி ஆர்டர் புரட்டாசியிலேயே வர ஆரம்பிக்கும். அதற்குள் பெட்டி அடிக்கக் கொடுக்கும்போது, மூடியின் மேலே கடைப்பெயருக்கு அடியில் உங்கள் டொமைன் முகவரியைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லுங்கள். அச்சகத்தில் புரூஃப் கொடுப்பார்கள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.